பிழை செய்தவரின் சான்று

என் தம்பி திண்டுக்கல்லில் ஒரு வீட்டுக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு, 2 லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போனான். கிளை மேலாளர் திரையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "சார், சேலத்துல எடுத்த டூ வீலர் லோன் ஒண்ணு ரிட்டன் ஆஃப்னு காட்டுதே. அதை முடிச்சிட்டு வாங்க, மத்ததெல்லாம் பாத்துக்கலாம்." ரிட்டன் ஆஃப் என்றால் வசூலாகாது என்று கைவிட்ட கடன். தம்பி சேலத்தில் பேருந்து மாறியிருக்கிறான், அவ்வளவுதான். வண்டி வாங்கியதில்லை.

அவன் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியன். ஆக எஸ். முருகேசன். சண்முகத்தின் மகனும் எஸ். முருகேசன்தான், சுந்தரத்தின் மகனும் செல்வராஜின் மகனும் எஸ். முருகேசன்தான். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம்மிடம் முன்னெழுத்து ஒன்றே அடையாளம். வங்கியின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொல்கிறது. ஒருவர் முன்னெழுத்தை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், மற்றொருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார். பிறந்த தேதியாவது பிரித்துக் காட்டுமா என்றால் அதுவும் இல்லை. பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிரம்ப வேண்டுமே என்று தலைமை ஆசிரியர் போட்டுக் கொடுத்த மே, ஜூன் தேதிகளோடுதான் நம் தலைமுறையில் பாதிப் பேர் வாழ்கிறோம். பெயரும் தேதியும் ஒத்துப்போய், கடன் பதிவில் பான் எண்ணும் இல்லாமல் போனால், இரண்டு மனிதர்கள் ஒரே கோப்பில் விழுவதற்கு வேறெதுவும் தேவையில்லை. தம்பிக்கு நடந்தது அதுதான்.

இந்தப் பிழையைத் திருத்தச் சட்டம் தந்திருக்கும் வழி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதுதான் இங்கே எடைபோட வேண்டியது. "ஆன்லைன்ல ஒரு கம்ப்ளெயின்ட் போடுங்க, 30 நாள்ல சரியாயிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் தம்பிக்கு அதையே சொன்னேன்.

முதலில் அமைப்பின் நல்ல பக்கம். அது சிறியதல்ல. கடன் தகவல் நிறுவனமான சிபில் 2000இல் தொடங்கிய காலத்தில் நம்மைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தன் கடன் தகவலைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் கடன் வாங்கியவருக்கு உள்ள உரிமையை அதன் 21ஆவது பிரிவு எழுதி வைத்தது. 2017 ஜனவரி 1 முதல் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை மதிப்பெண்ணோடு இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. 2022 செப்டம்பரில் இந்த நிறுவனங்கள் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் வந்தன. 2023 அக்டோபர் 26 தேதியிட்ட உத்தரவுகள் அதற்கு மேலும் போயின. நம் அறிக்கையை யாராவது எடுத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும், தவணை தவறியதாகப் பதிவு அனுப்பும்போது கடன் கொடுத்தவர் நமக்குச் சொல்ல வேண்டும், திருத்தம் மறுக்கப்பட்டால் காரணம் சொல்ல வேண்டும், 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். பல நாடுகளில் இந்த அளவுக்குக்கூட இல்லை. தாளில் படிக்கும்போது மனநிறைவு தரும் அமைப்புதான்.

தம்பியின் அறிக்கையை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து மேசையில் விரித்தோம். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். அவனுடைய பழைய கல்விக் கடனுக்கு நெடுக 000, 000, 000. அதற்கு அடுத்த பக்கத்தில் அந்த இரு சக்கர வாகனக் கடன்: 000, 000, 031, 062, 092 என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் ரிட்டன் ஆஃப். யாரோ ஒருவரின் கெட்ட காலம் முழுக்க அந்த வரிசையில் இருந்தது. எந்த மாதம் அவர் தடுமாறினார், எந்த மாதம் கைவிட்டார் என்று விரல் வைத்துப் படிக்கலாம். அது தம்பியின் வாழ்க்கை இல்லை என்பதை அந்தத் தாளில் எதுவும் சொல்லவில்லை.

முறையீட்டைப் பதிவு செய்தோம். 26ஆம் நாள் பதில் வந்தது. கடன் வழங்கிய நிறுவனம் தகவல் சரியானது என்று உறுதிப்படுத்தியிருக்கிறது, எனவே மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை. அவ்வளவுதான் பதில்.

ஏன் இப்படி என்று தேடியபோதுதான் சட்டத்தின் முடிச்சு கைக்கு அகப்பட்டது. திருத்தக் கேட்டால் 30 நாளுக்குள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லும் அதே 21ஆவது பிரிவு, ஒரு நிபந்தனையையும் கூடவே வைத்திருக்கிறது. திருத்தம் சரிதான் என்று அந்தக் கடன் நிறுவனம் சான்றளித்த பிறகே கடன் தகவல் நிறுவனம் திருத்தலாம். அதாவது பிழையான பதிவை அனுப்பியவர் யாரோ, அவரே அது பிழை என்று கையெழுத்திட்டால்தான் அழியும். புகாரைக் கேட்கும் இடத்துக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது.

இதைவிட மோசமானது அந்தச் சான்றின் தரம். நடுவில் ஒரு கணினி கேள்வி அனுப்புகிறது: இந்தப் பெயர், இந்தத் தேதி, இந்தக் கணக்கு எண், இந்த நிலுவை, சரியா? எதிர்முனையில் உள்ளவர் தன் கணினியைத் திறந்து பார்க்கிறார். அங்கேயும் அதே பெயர், அதே தேதி, அதே எண். சரி என்று பதில் போகிறது. நகலை இன்னொரு நகலோடு ஒப்பிட்டுவிட்டு அதற்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைக்கிறோம். கடன் வாங்கிய ஆள் இவர்தானா என்ற கேள்வியை அந்தச் சங்கிலியில் யாருமே கேட்கவில்லை.

அமெரிக்காவில் 1970இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இதே இடத்தில் வேறு வழியில் போகிறது. அங்கும் 30 நாள்தான் பொதுக் கெடு. ஆனால் அந்தக் கெடுவுக்குள் தகவலை உறுதிப்படுத்த முடியாவிட்டால் அதை நீக்கியாக வேண்டும். நிரூபிக்கும் சுமை பதிவை வைத்திருப்பவர் தலையில். கடன் கொடுத்தவர் சொல்வதைக் கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்வது மறுவிசாரணை ஆகாது என்று அங்கே ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இலேயே தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு டிரான்ஸ்யூனியன். இன்று நம் சிபிலின் தாய் நிறுவனமும் அதுதான். அங்கே நீக்கக் கடமைப்பட்ட நிறுவனம், இங்கே சான்று வரும்வரை காத்திருக்கச் சட்டப்படியே அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

எதிர்வாதமும் வலுவானதுதான், அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கேட்டவுடன் அழித்துவிடலாம் என்றால் உண்மையிலேயே கட்டாதவர்கள் எல்லோரும் முறையீடு போட்டு அழித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகச் சொல்லும் கடைகள் கத்தை கத்தையாகப் புகார் அனுப்பி, கெடு தாண்டட்டும் என்று காத்திருப்பதே ஒரு தொழிலாக ஆனது. அவற்றைக் கட்டுப்படுத்த 1996இல் தனிச் சட்டமே போட்டார்கள். நீக்கும் விதி இருந்தும் அங்கே பதிவுகள் சுத்தமாகிவிடவில்லை. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1,001 பேரின் அறிக்கைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு ஏதாவது ஓர் அறிக்கையிலாவது பிழை இருந்து, முறையிட்டபின் திருத்தப்பட்டது. நம் ஊரிலும் நேர்மையாகக் கட்டிய கடனின் பதிவுதான் நிலமோ நகையோ இல்லாதவருக்கு அடமானம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்றால் முதல் நட்டம் அவருக்குத்தான்.

ஆனால் இந்த வாதம் நியாயப்படுத்துவது ஆதாரம் கேட்பதை மட்டுமே. ஆதாரத்தை எடைபோடும் வேலையை ஒரு தரப்பிடமே ஒப்படைப்பதை அது நியாயப்படுத்தாது. கடன் நிறுவனம் மறுப்பதென்றால் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை, அடையாள ஆவணத்தை எடுத்து வைத்து மறுக்கட்டும். அதை எடுத்துக் காட்ட முடியாத கடன் எதை நம்பி ஒருவர் பெயரில் நிற்கிறது?

நாங்கள் அடுத்துச் செய்தது அதைத்தான். இந்தமுறை கடன் தகவல் நிறுவனத்தை விட்டுவிட்டு, கடன் கொடுத்த நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கே பதிவுத் தபால் அனுப்பினோம். தவறு இருக்கிறது என்று எழுதவில்லை. இந்தக் கடனுக்கான விண்ணப்பத்தையும், அதில் உள்ள புகைப்படத்தையும் கையெழுத்தையும், வண்டியின் பதிவு எண்ணையும், தவணை எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்தது என்பதையும் காட்டுங்கள், காட்ட முடியாவிட்டால் நீக்குங்கள், பதில் வராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று எழுதினோம். பான் அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றின் நகலிலும் அப்பா பெயரை அடிக்கோடிட்டு வைத்தோம். மூன்றாவது வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அலுவலகத்துக்குப் போனோம். ஓர் இளைஞர் பழைய கோப்பு ஒன்றை எடுத்து வந்து பிரித்தார். விண்ணப்பத்தின் மூலையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார். தந்தை பெயர் என்ற இடத்தில் வேறு பெயர் இருந்தது. "இது வேற ஆளு சார்" என்று சொல்லிக் கோப்பை மூடினார். முதல் முறை "உறுதிப்படுத்திய" நாளிலும் அந்தக் கோப்பு அங்கேதான் இருந்திருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

அதற்குள் ஒப்பந்தத்தின் மூன்று மாதக் கெடு முடிந்து, வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. முன்பணத்தில் 1 லட்சத்தைத்தான் வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் குறை சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இனி அந்த 100 ரூபாய்க் கணக்கு. தம்பிக்கு எவ்வளவு இழப்பீடு வந்தது? ஒன்றுமில்லை. முதல் பதில் 26ஆம் நாளே வந்துவிட்டதே! நாள் கடந்தால்தான் பணம். கெடுவுக்குள் தவறான பதில் சொன்னால் ஒரு பைசா கிடையாது. இதுதான் இந்த இழப்பீட்டின் உள்ளே இருக்கும் ஓட்டை. அது தாமதத்துக்கு விலை வைக்கிறது, அலட்சியத்துக்கு வைக்கவில்லை. திறந்து பார்த்துச் சரியான பதில் சொல்ல நாற்பது நாள் எடுத்துக்கொள்கிற அலுவலகம் அபராதம் கட்டும். திறக்காமலேயே பத்தாம் நாளில் "சரிதான்" என்று அனுப்புகிற அலுவலகம் கட்டாது. மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற தகராறும் இந்த இழப்பீட்டுக்குள் வராது.

தொகையையும் பாருங்கள். இருபது ஆண்டுக்கு 40 லட்சம் வீட்டுக் கடன் எடுக்கிறவருக்கு, கெட்ட பதிவு ஒன்றால் வட்டி 8.5 விழுக்காட்டுக்குப் பதில் 9 என்று போட்டால், மாதத் தவணை 34,713 ரூபாயிலிருந்து 35,989 ஆகிறது. கடன் முடியும்போது கூடுதலாகக் கட்டியிருப்பது 3 லட்சம் ரூபாய்க்கும் மேல். முறையீடு கெடுவைத் தாண்டி இன்னொரு மாதம் இழுத்தால் கிடைப்பது 3,000. ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 ஜூனில் இந்தச் சட்டத்தின் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து 1 கோடியே 75 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆளுக்குச் சுமார் 25 லட்சம். கோடிக்கணக்கானோரின் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் போக்கை மாற்றுகிற தொகை இதுவல்ல.

கடன் மட்டும்தானே, போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. கடன் அறிக்கையில் பாதகமான பதிவுகள் இருந்ததற்காகப் பொதுத்துறை வங்கி ஒன்று ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு பிழை பற்றியதல்ல. ஆனால் வேலை வரைக்கும் இந்தத் தாள் போகிறது என்றால், அதிலுள்ள ஒரு பிழையின் எடை இன்னும் கூடுகிறது.

குறுஞ்செய்தி எச்சரிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தவணை தவறினால் தகவல் வரும் என்ற ஏற்பாடு, தன் கடனை மறந்துபோனவரைக் காப்பாற்றும். பெயர் மாறாட்டத்தில் சிக்கியவரைக் காப்பாற்றாது. கடன் நிறுவனத்திடம் இருப்பது வாங்கியவரின் எண். செய்தி சேலத்து முருகேசனுக்குப் போகும், கறை திண்டுக்கல் முருகேசன் பெயரில் விழும். எனவே ஆண்டுக்கொரு முறை நான்கு அறிக்கைகளையும் எடுத்துப் பார்ப்பதைத் தவிர இவருக்கு வேறு எச்சரிக்கை கிடையாது.

21ஆவது பிரிவில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. இதை நான் இரண்டு முறை படித்தேன். அந்தத் திருத்தம் பற்றிய தகராறு நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நடுவரிடமோ நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை திருத்தம் செய்யக் கூடாது, கடன் நிறுவனத்தின் கணக்கேட்டில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும். நியாயம் கேட்டு நீதிமன்றம் போனவருக்கு, வழக்கு நடக்கும் ஆண்டுகள் முழுக்க எதிரியின் பேரேடுதான் உண்மை. வழக்குப் போடாதே என்று சட்டமே சொல்வதுபோல இருக்கிறது. சுவரொட்டிகளில் "சிபில் கிளியர் செய்து தரப்படும்" என்று எண் கொடுக்கிறவர்களிடம் ஜனங்கள் போய் நிற்பது ஏன் என்று இதைப் படித்தபோது புரிந்தது. அவர்களிடம் தனிச் சாவி எதுவும் இல்லை. நாம் இலவசமாகப் போடும் அதே முறையீட்டைத்தான் பணம் வாங்கிக்கொண்டு அவர்களும் போடுகிறார்கள். பான் எண்ணும் ஓடிபியும் கொடுத்துவிட்டு வருவது கூடுதல் ஆபத்து.

பிழை எது, பிடிக்காத உண்மை எது என்று பிரிப்பதிலும் நாம் ஏமாந்துபோகிறோம். அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடன் "செட்டில்டு" என்றுதான் வரும். அது பிழையல்ல. "முடிஞ்சு போச்சு சார்" என்று வசூல்காரர் சொன்ன சொல்லை நம்பியவருக்கு அது துரோகமாகத் தெரியும், ஆனால் முறையீட்டால் மாறாது. முழுத் தொகையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழும் கையில் இருந்து, அதன் பிறகும் நிலுவை காட்டினால் அதுதான் பிழை. இதில் வெற்றி அநேகமாக நிச்சயம். ஏனென்றால் சான்றளிக்க வேண்டியவரின் கையெழுத்து ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். நம் திருத்த முறை, எழுத்துப் பிழைக்கும் முடிந்த கடனுக்கும் நன்றாகவே உதவுகிறது. விலாசம், பிறந்த தேதி, இரட்டைப் பதிவு, கட்டி முடித்தும் மூடாத கணக்கு: இவற்றுக்கு ஆன்லைன் முறையீடு போதும், யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். ஆள் மாறாட்டம், வாங்காத கடன், மோசடிக் கடன் என்று வந்தால் அதே முறை தோற்கிறது. எது பெரிய பிழையோ அங்கே தோற்கிறது. அந்த இடத்தில் முதல் கடிதம் கடன் கொடுத்தவருக்கே போக வேண்டும், அதுவும் ஆவணத்தைக் காட்டு என்ற கேள்வியோடு. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ குறைதீர்ப்பாளர். ரிசர்வ் வங்கியின் 2021 குறைதீர்ப்புத் திட்டம், விளைவாக ஏற்பட்ட நட்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 1 லட்சம் வரையும் இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் கொடுத்தது. பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பது அந்தத் திட்டம் வைத்த கெடு. தம்பி போகவில்லை. பதிவு நீங்கினால் போதும் என்று இருந்துவிட்டான், நானும் வற்புறுத்தவில்லை. முன்பணத்தில் போன அந்த 1 லட்சத்தை அங்கே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

சட்டத்தில் மாற வேண்டியதும் அதிகமில்லை. கடன் நிறுவனம் மறுத்தால் கையெழுத்திட்ட ஆவணத்தோடு மறுக்க வேண்டும், ஆவணம் வராத பதிவு கெடு முடிந்ததும் நீக்கப்பட வேண்டும் என்று ஒரு வாக்கியம். ஆராயாமல் சொன்ன மறுப்பு பின்னால் தவறென்று தெரிந்தால், முதல் நாளிலிருந்தே நாட்கணக்கில் இழப்பீடு என்று இன்னொரு வாக்கியம். 2023 உத்தரவுகளை எழுதிய கைகளுக்கு இரண்டாவது வாக்கியம் கடினமானதல்ல. முதலாவதை நாடாளுமன்றம்தான் எழுத வேண்டும்.

அந்தக் கோப்பை மூடிவிட்டு வந்த அன்று இரவு, நீக்கக் கோரும் கடைசி மனுவை எழுத உட்கார்ந்தோம். அறிக்கையை இன்னொரு முறை புரட்டியபோது தம்பி ஓரிடத்தில் நிறுத்தினான். "அண்ணே, இந்த நகைக்கடனும் என்னது இல்லை." சேலத்துக் கிளை ஒன்றில் எடுத்து, ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டி முடித்த கடன். தம்பியின் மதிப்பெண்ணுக்கு அது நல்லதையே செய்துகொண்டிருந்தது. விட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. "அந்த ஆளு ஒழுங்கா கட்டுனது அவரு பேருல இருக்கட்டும்ணே" என்றான். கடன் தகவல் நிறுவனத்துக்கான மனுவில் அதையும் சேர்த்தே எழுதினோம். அந்த மாத முடிவில் எடுத்த அறிக்கையில் இரண்டுமே இல்லை. கல்விக் கடனின் 000, 000, 000 மட்டும் இருந்தது.